ஊதிப் பெருப்பிக்க மறுத்தவர்: டபிள்யூ. ஓ. பென்ட்லியின் கதை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் வரிகளோடு சேர்ந்த விலை எங்களில் பலருக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. அதனால் இருக்கிற பழைய காரையே எப்படியாவது கொஞ்சம் இழுவையாக்கலாமா என்ற யோசனை கராஜ்களில் அடிக்கடி எழுகிறது. எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த பில்டர் போடலாமா, காற்றுக் குழாயை அகலமாக்கலாமா, டேர்போ பூட்டலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

இயந்திரத்தின் வாய்க்குள் எதைக் கொடுப்பது என்பது எங்கள் மண்ணில் பொழுதுபோக்குக் கேள்வியாக இருந்ததில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாங்கள். உள்ளே போவது மாறினால் எஞ்சினின் ஆயுளும் மாறும் என்பதைப் புகையிலும் கரியிலும் பார்த்துக் கற்றுக்கொண்ட தலைமுறை இன்னமும் எங்களிடையே இருக்கிறது.

இதே கேள்வியை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் ஒரு மனிதர் எதிர்கொண்டார். அவர் முன்னால் இருந்தது ஒரு கார் மட்டுமல்ல, தன் பெயரைத் தாங்கிய நிறுவனமும்தான். வேண்டாம் என்று அவர் சொன்னார். ஆனால் அதைச் சொல்லும் அதிகாரம் அப்போது அவர் கையில் இருக்கவில்லை.

ரயிலோடு தொடங்கிய வாழ்க்கை

வோல்டர் ஓவன் பென்ட்லி 1888 செப்டெம்பர் 16ஆம் திகதி லண்டனின் ஹம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. வசதியான குடும்பம். பிற்காலத்தில் நண்பர்களும் தொழிலாளர்களும் அவரைப் பெயரின் முதலெழுத்துகளால் டபிள்யூ. ஓ. என்றே அழைத்தார்கள். சிறு வயதில் அவரை ஈர்த்தது கார் அல்ல, நீராவி ரயில். 16 வயதில் கிளிப்டன் கல்லூரியை விட்டு, டொங்காஸ்டரில் இருந்த கிரேட் நோர்தர்ன் ரயில்வேயின் பட்டறையில் தொழில் பயிலச் சேர்ந்தார்.

அங்கே ஐந்து ஆண்டுகள் கழிந்தன. உலோகத்தை வார்க்கவும் கடையவும் பொருத்தவும் பழகினார். விரைவு ரயில்களில் நெருப்புக்காரராக நின்று நிலக்கரி அள்ளிப் போட்டார். லண்டனிலிருந்து லீட்ஸ் வரை போய்த் திரும்பும் பயணத்தில் ஒரே நாளில் 400 மைல்கள் ஓடும். அந்த நீராவி இயந்திரங்களுக்கு எப்போதும் கொள்ளளவு மிச்சம் இருந்தது. அவை மூச்சு வாங்காமல், பெரிய உருளைகளின் பலத்தில், மணிக்கணக்காக ஒரே சீராக ஓடின. பெரிய இயந்திரத்தைத் திணறாமல் ஓட்டுவதே சரியான வழி என்ற எண்ணம் அவருக்குள் இங்கேதான் வேர்விட்டிருக்க வேண்டும். அவர் பின்னாளில் செய்த கார்கள் எல்லாவற்றிலும் அதன் தடம் தெரிகிறது.

ரயில்வேயில் நல்ல வருமானத்துக்கு வழியில்லை என்பதை உணர்ந்து 1910இல் விலகினார். இதற்கிடையில் மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. 1909இலும் 1910இலும் ஐல் ஒவ் மான் தீவின் பந்தயத்தில் கலந்துகொண்டார், இரண்டு முறையும் முடிக்கவில்லை. பிறகு லண்டனில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 250 டக்சிகளின் பராமரிப்பு அவர் பொறுப்பில் வந்தது. ஒரே வகை எஞ்சின் நூற்றுக்கணக்கில் நாள்தோறும் எங்கே தேய்கிறது, எங்கே உடைகிறது என்று பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது.

மேசையில் கிடந்த அலுமினியத் துண்டு

1912இல் அண்ணன் ஒருவரோடு சேர்ந்து டி. எப். பி. என்ற பிரெஞ்சுக் கார்களை லண்டனில் விற்கத் தொடங்கினார். கார் நல்லதுதான், வேகம் போதவில்லை. எப்படிக் கூட்டுவது என்ற யோசனையோடு 1913இல் பிரான்சிலுள்ள தொழிற்சாலைக்குப் போனார். அங்கே ஒரு மேசையில் காகிதங்கள் பறக்காமல் வைத்திருந்த பாரம் பிஸ்டன் வடிவில், அலுமினியத்தில் வார்க்கப்பட்டிருந்தது. உண்மையான பிஸ்டனையே அலுமினியத்தில் செய்தால் என்ன என்று தோன்றியது.

அந்தக் காலத்தில் பிஸ்டன்கள் வார்ப்பிரும்பிலோ உருக்கிலோ செய்யப்பட்டன. அலுமினியம் உருகிவிடும், உடைந்துவிடும் என்பதே பொதுவான நம்பிக்கை. பென்ட்லி அலுமினியத்தோடு நூற்றுக்கு 12 பங்கு செம்பு கலந்த உலோகத்தில் பிஸ்டன் செய்வித்தார். பாரம் குறைந்ததால் எஞ்சின் வேகமாகச் சுழன்றது. அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்தியதால் பிஸ்டனின் தலை குளிர்ச்சியாக இருந்தது, அழுத்தத்தையும் கூட்ட முடிந்தது. அந்தக் கார் புரூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் தன் வகைக்குரிய சாதனைகளைப் படைத்தது.

இதை இங்கே கவனிக்க வேண்டும். பென்ட்லி மாற்றத்துக்கு எதிரானவர் அல்ல. பிறர் செய்த காரைத் திறந்து, உள்ளுறுப்பை மாற்றி, அதிலிருந்து கூடுதல் வலுவை எடுத்தவர் அவர். ஆனால் அந்த மாற்றம் எஞ்சினின் சுமையைக் குறைத்தது, சூட்டைத் தணித்தது. வலு அதன் விளைவாகவே வந்தது.

போர் வந்தது

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டதும் கார் விற்பனை நின்றது. பென்ட்லி தன் பிஸ்டன் இரகசியத்தைக் கடற்படையிடம் கொண்டுபோனார். கடற்படையின் விமானப் பிரிவு அவரை எஞ்சின் நிறுவனங்களுக்கு அனுப்பியது. ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனமும் தன் விமான எஞ்சினில் அலுமினிய பிஸ்டனை ஏற்றுக்கொண்டது. தன் வாழ்க்கையின் அடுத்த பெரிய திருப்பத்தில் அந்த நிறுவனத்தை வேறு முகத்தோடு சந்திக்கப் போகிறோம் என்பது அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

விமானங்களில் பயன்பட்ட கிளெர்ஜே என்ற சுழல் எஞ்சின் சூடேறிப் பழுதாகிக்கொண்டிருந்தது. அந்நாளில் பிரித்தானிய விமானிகளுக்குப் பரசூட் கிடையாது. எஞ்சின் நின்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பென்ட்லி பிரான்சில் இருந்த படைத்தளங்களுக்கே போய் விமானிகளையும் மெக்கானிக்குகளையும் கேட்டறிந்தார். பிறகு கொவென்ட்ரியில் ஹம்பர் தொழிற்சாலையில் இருந்தபடி புதிய எஞ்சினை வடிவமைத்தார். அலுமினிய உருளைகள், உள்ளே இரும்பு உறை, ஒவ்வொன்றுக்கும் இரட்டை ஸ்பார்க் பிளக். பி.ஆர்.1 என்ற அந்த எஞ்சின் சொப்வித் கெமல் விமானங்களில் பூட்டப்பட்டது. அதற்குப் பின்வந்த பி.ஆர்.2 சொப்வித் ஸ்னைப் விமானத்துக்குப் போனது. போர் முடிந்தபின் அரசு அவருக்கு 8,000 பவுண் வெகுமதி அளித்தது.

ஆனால் போர் முடிந்த கையோடு வந்த பெருந்தொற்று அவர் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 1914இல் அவர் மணம் முடித்த லியோனி 1919இல் இன்புளுவென்சாக் காய்ச்சலில் இறந்துபோனார். அதே ஆண்டில்தான் பென்ட்லி மோட்டோர்ஸ் நிறுவனமும் தொடங்கியது. பிறகு இரு முறை மணம் முடித்தாலும் அவருக்குப் பிள்ளைகள் இருக்கவில்லை.

தானாக மூச்சுவிடும் எஞ்சின்

லண்டனில் பேக்கர் வீதிக்கு அண்மையில், பழைய குதிரை லாயங்கள் இருந்த ஒரு சந்தில் முதலாவது எஞ்சின் உறுமியது. மூன்று லீற்றர், நான்கு உருளைகள். ஒவ்வோர் உருளைக்கும் நான்கு வால்வுகள், இரண்டு பிளக்குகள், மேலே கேம் தண்டு. சாதாரணக் கார்களில் உருளைக்கு இரண்டு வால்வுகளே இருந்த காலம் அது. வால்வு நான்காகும்போது அதே இடத்துக்குள் காற்று போகவும் புகை வெளியேறவும் அகலமான வழி கிடைக்கிறது. எஞ்சினுக்கு நிறையக் காற்று வேண்டும் என்பதில் பென்ட்லிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்தக் காற்றை எஞ்சின் தானாக இழுத்துக்கொள்ள வேண்டும், வெளியிலிருந்து அமுக்கித் திணிக்கக் கூடாது என்பதே அவர் கொள்கை.

முதல் கார் 1921 செப்டெம்பரில் வாடிக்கையாளரின் கைக்குப் போனது. காருக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் கொடுத்தார். பந்தயத்தில் ஓடுவதும் அந்த உத்தரவாதத்தின் நிரூபணமாகவே இருந்தது. பிரான்சின் லு மான் நகரில் 24 மணித்தியாலப் பந்தயம் 1923இல் முதன்முறையாக நடந்தபோது, ஒரு பென்ட்லி நான்காம் இடம் பெற்றது. 1924இல் வென்றது. 1927இல் மூன்று பென்ட்லிகளும் ஒரே விபத்தில் மாட்டிக்கொள்ள, நசுங்கிய காரோடு ஒன்று மட்டும் இரவு முழுவதும் ஓடி வெற்றி பெற்றது. 1928, 1929, 1930 என்று வெற்றிகள் தொடர்ந்தன. 1929இல் முதல் நான்கு இடங்களும் பென்ட்லிக்கே.

வெற்றி இருந்தது, பணம் இருக்கவில்லை. தொடக்க நாளிலிருந்தே நிறுவனம் கடனில்தான் ஓடியது. 1926இல் தென்னாபிரிக்க வைரச் செல்வத்தின் வாரிசான வூல்ப் பார்னட்டோ முதலிட்டு நிறுவனத்தைக் கைப்பற்றினார். பார்னட்டோ நல்ல மனிதர், அருமையான ஓட்டுநர். லு மானில் ஓடிய மூன்று முறையும் வென்றவர். ஆனாலும் அன்றிலிருந்து பென்ட்லி தன் சொந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் ஊழியரானார்.

ஊதுகுழல் வந்த கதை

1920களின் கடைசியில் எதிராளிகள் நெருங்கி வந்தார்கள். மெர்சிடிஸ், அல்பா ரோமியோ, புகாட்டி எல்லாமே சூப்பர்சார்ஜர் பூட்டி ஓடின. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கும் ஒரு காற்றுப் பம்பு. எஞ்சின் தானாக இழுக்கும் அளவைவிட அதிகமான காற்றை அது உருளைக்குள் அமுக்குகிறது. காற்று கூடினால் கூடவே பெற்றோலும் கூடுதலாக எரியலாம், வலு ஏறும். வேகம் கூட்டுவதற்கு இரண்டே வழிகள் இருந்தன: எஞ்சினையே பெரிதாக்குவது, அல்லது இருக்கிற எஞ்சினுக்குள் காற்றை ஊதுவது.

பென்ட்லி முதல் வழியைத் தேர்ந்தார். நாலரை லீற்றர் போதாவிட்டால் ஆறரை லீற்றர் என்றார். ஆறு உருளைகளோடு 1928இல் வந்த ஸ்பீட் சிக்ஸ் அவருடைய பதில். அவருடைய ஓட்டுநர்களில் ஒருவரான டிம் பர்கின் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். கழுத்தில் புள்ளிபோட்ட துண்டோடு ஓடும் பர்கின், போரில் விமானியாக இருந்தவர், வேகத்தைத் தவிர வேறொன்றையும் கணக்கில் எடுக்காதவர். நாலரை லீற்றர் பென்ட்லிக்கு, ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த சூப்பர்சார்ஜரைப் பூட்டத் திட்டமிட்டார். அதற்கான செலவைக் குதிரைப் பந்தயத்தில் ஈடுபட்டிருந்த செல்வந்தப் பெண்மணி டொரதி பாஜெட் ஏற்றார்.

பென்ட்லி எதிர்த்தார். தன் எஞ்சினின் அடிப்படை வடிவத்தையே இது கெடுத்துவிடும் என்று கருதினார். அவர் சொன்ன நியாயம் எளிமையானது. அமுக்கிய காற்று சூடேறும். உருளைக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடும்போது பிஸ்டன், வால்வு, பிளக், கஸ்கெட், பெயாரிங் என எல்லாமே தாங்க வேண்டும். இவை எதுவும் அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 24 மணித்தியாலம் ஓட வேண்டிய காருக்குச் சில நிமிட வேகம் எதற்கு?

ஆனால் லு மான் விதிகளின்படி ஒரு வகைக் கார் பந்தயத்துக்கு வர வேண்டுமானால் 50 கார்கள் விற்பனைக்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். பர்கின் பார்னட்டோவிடம் பேசினார். பார்னட்டோ சம்மதித்தார். முடிவு பென்ட்லியின் தலைக்கு மேலாக எடுக்கப்பட்டது. எஞ்சினின் உட்புறத்தை மாற்ற அவர் இடம் கொடுக்காததால், சூப்பர்சார்ஜர் ரேடியேற்றருக்கு முன்னால், கிராங் தண்டின் நுனியில் துருத்திக்கொண்டு நின்றது. ‘புளோவர் பென்ட்லி’ என்று உலகம் இன்றும் அடையாளம் காண்பது அந்தத் துருத்தலைத்தான்.

வலு உண்மையிலேயே ஏறியது. சாதாரண நாலரை லீற்றர் கார் 110 குதிரைவலு. விற்பனைக்கு வந்த புளோவர் 175. பந்தயக் கார்கள் 240 வரை போயின. கூடவே பெற்றோலும் தண்ணீராய்ப் போனது. முன்பக்கம் பாரமானதால் வளைவுகளில் காரைத் திருப்புவது கடினமாயிற்று. எஞ்சின்கள் தொடர்ந்து பழுதடைந்தன.

1930 லு மான்

இரண்டு வழிகளும் ஒரே பாதையில் சந்தித்தது 1930 ஜூனில். எதிரே ஒரேயொரு மெர்சிடிஸ், அதை ஓட்டியவர் ஜேர்மனியின் ருடோல்ப் கராச்சியோலா. பர்கினின் இரண்டு புளோவர்கள், நிறுவனத்தின் மூன்று ஸ்பீட் சிக்ஸ்கள்.

பர்கின் தொடக்கத்திலேயே மெர்சிடிஸைத் துரத்தினார். நேர்ப்பாதையில் சில்லுகள் புல்லில் ஏற, அதை முந்தினார். ரயர் பிய்ந்தது. மாற்றிவிட்டு மறுபடியும் துரத்தினார். மெர்சிடிஸ் இரவில் பழுதாகி நின்றுவிட்டது. பிறகு இரண்டு புளோவர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. முடிவில் பார்னட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டிய ஸ்பீட் சிக்ஸ் முதலாவது. இன்னொரு ஸ்பீட் சிக்ஸ் இரண்டாவது. ஊதாத எஞ்சின்கள் வென்றன.

புளோவருக்கும் நியாயம் செய்ய வேண்டும். அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சுக் கிராண்ட் பிரீயில், மென்மையான புகாட்டிகளுக்கு நடுவே, பர்கின் அந்தக் கனத்த காரை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1932இல் ஒற்றை இருக்கைப் புளோவரில் புரூக்லாண்ட்ஸ் பாதையை மணிக்கு 137.96 மைல் வேகத்தில் சுற்றிச் சாதனை படைத்தார். குறுகிய தூரத்துக்கு அது உண்மையிலேயே பயங்கர வேகம். ஆனால் பெரிய பந்தயம் ஒன்றைக்கூட அது வென்றதில்லை.

பெயர் பறிபோனது

லு மான் வெற்றி நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சி விலையுயர்ந்த கார்களின் சந்தையை விழுங்கியது. 1930இல் பென்ட்லி செய்த எட்டு லீற்றர் கார் அவர் கனவுகளின் உச்சம். 100 கார்கள்தான் செய்யப்பட்டன. 1931இல் நிறுவனம் முறிந்தது. நேப்பியர் நிறுவனம் அதை வாங்கும் என்றும் தான் அங்கே தொடர்ந்து கார் வடிவமைக்கலாம் என்றும் பென்ட்லி நம்பியிருந்தார். கடைசி நேரத்தில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 125,000 பவுணுக்கு அதை எடுத்துக்கொண்டது. அதன் பின்னால் நின்றது ரோல்ஸ் ரொய்ஸ் என்பது பிறகே தெரியவந்தது.

சொத்துப் பட்டியலில் ஒரு பொருளைப் போல பென்ட்லியும் போனார். ஒப்பந்தம் அவரைக் கட்டிப்போட்டது. தன் பெயரில் வெளிவரும் கார்களின் வடிவமைப்பில் அவருக்கு இடமிருக்கவில்லை. 1935இல் ஒப்பந்தம் முடிந்ததும் லகொண்டா நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் உருவாக்கிய பன்னிரண்டு உருளைக் கார்கள் 1939 லு மானில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பிடித்தன. அடுத்த போர் அதையும் நிறுத்தியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் லகொண்டாவின் புதிய காருக்கு பென்ட்லியின் பெயரையும் சேர்த்து வைக்க முயன்றபோது ரோல்ஸ் ரொய்ஸ் நீதிமன்றம் போனது. தன் பெயரைத் தான் செய்த காரில் பொறிக்க அந்த மனிதருக்கு உரிமை இல்லை என்றாயிற்று. காணியும் வீடும் உறுதியும் கைமாறிப் போனதைப் பார்த்த எங்களுக்கு, பெயரே கைமாறிப் போவது என்ன வலி என்பதை விளக்க வேண்டியதில்லை. 1947இல் டேவிட் பிரவுன் லகொண்டாவை வாங்கினார். பென்ட்லியின் மேற்பார்வையில் உருவான ஆறு உருளை எஞ்சின், அஸ்டன் மார்ட்டின் டிபி2 காரின் இதயமாக வாழ்ந்தது.

ஓய்வுக்காலத்தில் பழைய பென்ட்லிக் கார்களைப் பேணும் உரிமையாளர்களின் கழகம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. 1971 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 82 வயதில் காலமானார்.

அப்படியானால் யார் சரி?

அவர் இறந்து பதினொரு ஆண்டுகளில், 1982இல், பென்ட்லி பெயரில் டேர்போ பூட்டிய கார் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் வந்த பெற்றோல் கார்களின் அடையாளமாகவே டேர்போ மாறிவிட்டது. இன்று சின்னஞ்சிறு கார்களிலும் டேர்போ இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பென்ட்லி தோற்றுவிட்டார்.

ஆனால் அவர் மறுத்தது எதை என்று பார்க்க வேண்டும். இன்றைய டேர்போ எஞ்சின் முதல் கோட்டிலிருந்தே டேர்போவுக்காக வரையப்படுகிறது. பிஸ்டன், பெயாரிங், எண்ணெய் ஓட்டம், குளிரூட்டல், அமுக்கிய காற்றைத் தணிக்கும் இன்டர்கூலர், பெற்றோலை அளந்து தெளிக்கும் கணினி எல்லாமே அந்தக் காற்றை எதிர்பார்த்தே இருக்கின்றன. பென்ட்லி எதிர்த்தது, அந்தக் காற்றை எதிர்பார்க்காத எஞ்சினின் மூக்கில் பம்பைக் கொண்டுபோய்ப் பூட்டுவதை. அந்த எதிர்ப்பு இன்றைக்கும் செல்லும்.

எங்கள் கராஜ் வாசலில் நிற்கும் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. காரோடு வந்த பில்டர் பெட்டி, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும்படி அமைக்கப்பட்டது. அதைக் கழற்றி, பொனட்டுக்குள் திறந்த பில்டரை வைத்தால் எஞ்சின் தன் சூட்டையே திரும்ப உறிஞ்சும். சூடான காற்று ஐதானது, அதில் ஒட்சிசன் குறைவு. சத்தம் கூடும், வலு கூடியதாக மனம் நம்பும். எங்கள் ஒழுங்கைகளின் செம்மண் தூசியைச் சரியாகத் தடுக்காத பில்டரென்றால் அது சிலிண்டர் சுவரைத்தான் தின்னும். அடைபட்ட பழைய பில்டரை மாற்றுவது, பிளக்கையும் வால்வு இடைவெளியையும் சரிபார்ப்பது, குழாய்களில் வெடிப்பு உண்டா என்று பார்ப்பது, இவையெல்லாம் முதலில். இதற்குப் பிறகும் இழுவை போதாவிட்டால், போதாதது காற்றா, எஞ்சினின் அளவா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பென்ட்லியின் வாழ்க்கையில் ஒரு முரண் கடைசி வரை தீரவில்லை. லு மானில் வென்றவை அவர் விரும்பிச் செய்த கார்கள். ஆனால் உலகம் சுவரில் படமாக மாட்டியிருப்பதும், சேகரிப்பாளர்கள் கோடிகள் கொடுத்து வாங்குவதும், சிறுவர்கள் பொம்மையாக வைத்து விளையாடுவதும் முன்னால் ஊதுகுழல் துருத்திய அந்தப் புளோவரைத்தான். அதன் ரேடியேற்றரின் உச்சியில் இருப்பது, அதை வேண்டாம் என்று சொன்னவரின் பெயர்.